ராணுவம்: இல்லை

என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பொது அறிவுப் போட்டி என்றால் வீட்டில் எனக்குத்தான் பரீட்சை. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துகொள்வாள். நான் கேட்க வேண்டும். அவள் பதில் சொல்ல வேண்டும். சென்ற மாதம் ஓர் இரவு இப்படிக் கேட்டுக்கொண்டே மத்திய அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தோம். ஒரு தேசத்துக்கு அரைப் பக்கம். தலைநகர், பாஷை, நாணயம், விளைபொருள், ராணுவம் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தார்கள்.

"கோஸ்டா ரிகா?" என்றேன்.

"தலைநகர் சான் ஹோசே. பாஷை ஸ்பானிஷ். நாணயம் கொலோன். விளைபொருள் காப்பி, வாழைப்பழம், அன்னாசி."

"ராணுவம்?"

"இல்லை."

அவளுக்கு ஞாபகம் இல்லையோ என்று நினைத்துப் புத்தகத்தைப் பார்த்தேன். கட்டத்துக்குள்ளும் 'இல்லை' என்றுதான் இருந்தது. ஊஞ்சல் நின்றது. "ஏம்ப்பா, அப்படின்னா யாராவது சண்டைக்கு வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று அவள் கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன். நேரமாச்சு, போய்ப் படு" என்றேன். பதில் தெரியாத தகப்பன்மார்கள் எல்லாரும் சொல்லுகிற பதில் இதுதான்.

அவள் தூங்கிவிட்டாள். அந்த 'இல்லை' என்னைத் தூங்கவிடவில்லை. அரசனுக்கு வேண்டிய ஆறு அங்கங்களைச் சொல்ல வந்த வள்ளுவர் படையைத்தான் முதலில் வைக்கிறார். அந்த முதல் அங்கத்தையே வெட்டி எறிந்துவிட்டு ஒரு தேசம் உயிரோடு இருக்க முடியுமா? இருந்தால் அது தைரியமா, அசட்டுத்தனமா, அல்லது நமக்குத் தெரியாத வேறு ஏதாவது பாதுகாப்பின் தந்திரமா? நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன். பூகோளம் எனக்கு எப்போதும் வேப்பங்காய். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு மனிதன் செய்ததைக் கேட்டால் ஏன் செய்தான் என்று தெரிகிறவரையில் அவனை விடமாட்டான். கிடைத்த புத்தகங்களை எல்லாம் தேடிப் படித்தேன்.

தேசப் படத்தில் வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்க்கிற மெல்லிய இடுப்பு ஒன்று இருக்கிறது. அந்த இடுப்பில் வடக்கே நிகரகுவாவுக்கும் தெற்கே பனாமாவுக்கும் நடுவில் இருப்பது கோஸ்டா ரிகா. கிழக்கே கரிபியன் கடல், மேற்கே பசிபிக் மகா சமுத்திரம். பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. ஜனத்தொகை அரைக் கோடிக்குச் சற்று மேல். நாட்டின் முதுகெலும்பு போல மலைத்தொடர்கள் ஓடுகின்றன. அவற்றில் உயர்ந்த சிரிப்போ சிகரம் 3,820 மீட்டர். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அதன் உச்சியில் நின்றால் இரண்டு சமுத்திரங்களையும் பார்க்கலாமாம்.

மலைகளின் நடுவே, கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல், ஒரு பள்ளத்தாக்கு. ஜனங்களில் பாதிப் பேருக்கு மேல் அங்கேதான் வாழ்கிறார்கள். மண் காப்பிக்கு ஏற்ற மண். அந்த மண்ணுக்கு வளத்தைக் கொடுத்தவை எரிமலைகள். பயத்தைக் கொடுத்தவையும் அவைதான். 1910-ஆம் வருஷம் பழைய தலைநகரான கார்டாகோவைப் பூகம்பம் தரைமட்டமாக்கிற்று. 1963 மார்ச்சில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சான் ஹோசேக்கு வந்திருந்த சமயத்தில், இராசு எரிமலை குமுற ஆரம்பித்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம் பள்ளத்தாக்கின் மீது சாம்பல் பெய்துகொண்டே இருந்தது. 1968-இல் யாரும் பெரிதாக மதிக்காமலிருந்த அரேனல் மலை வெடித்து எண்பது பேருக்கு மேல் மாண்டார்கள். துப்பாக்கியால் சுட முடியாத எதிரிகளின் நடுவில் குடியிருக்கிறவர்கள் அந்த ஜனங்கள் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டேன்.

'கோஸ்டா ரிகா' என்றால் செல்வக் கரை என்று அர்த்தம். 1502-இல் தம் நான்காவது யாத்திரையில் கொலம்பஸ் அந்தக் கரையில் இறங்கினார். அங்கிருந்த பூர்வகுடிகளின் கழுத்தில் பொன் மினுங்கியது. அதைக் கண்டவர்களின் ஆசை அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டது. ஆனால் பெயருக்கு ஏற்ற பொன் பூமியில் இல்லை. ஸ்பெயினின் குடியேற்றங்களிலேயே மிக ஏழையானவற்றுள் அது ஒன்றாயிற்று. காசுக்குப் பஞ்சம் வந்து, கொக்கோக் கொட்டையைப் பணமாகச் செலாவணி செய்த காலமும் உண்டு. ஆளுநரே தம் சாப்பாட்டுக்கு நிலத்தைக் கொத்த வேண்டியிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பூர்வகுடிகளோ நோயிலும் அடிமை உழைப்பிலும் பெரும்பாலும் அழிந்துபோனார்கள். ஆகவே அந்த ஏழ்மையை ரொம்பப் புனிதமாக்கிவிடக் கூடாது. என்றாலும் ஒன்று உண்மை. கொள்ளையடிக்க ஒன்றும் இல்லாத இடத்துக்குப் பெரிய சேனை எதற்கு?

சுதந்திரம்கூட அவர்களுக்குத் தபாலில்தான் வந்தது. 1821 செப்டம்பர் 15-ஆம் தேதி குவாத்தமாலா நகரில் விடுதலையைப் பிரகடனம் செய்தார்கள். அந்தச் செய்தி மலையும் காடும் தாண்டிக் கார்டாகோவுக்கு வந்து சேரச் சுமார் ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் தாங்கள் விடுதலை பெற்றுவிட்டதே தெரியாமல் அவர்கள் காப்பியும் கரும்பும் பயிரிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். இன்றைக்கும் வருஷந்தோறும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கை மாற்றிக் கை ஒரு தீபத்தைக் குவாத்தமாலாவிலிருந்து கார்டாகோ வரைக்கும் ஓட்டமாக எடுத்து வருகிறார்கள். சுதந்திர தினத்தன்று பீரங்கி வண்டிகள் பவனி வருகிற தேசங்கள் உண்டு. அங்கே பவனி வருவது குழந்தைகள்.

'சரி, சண்டையே தெரியாத சாதுக்கள்' என்று நினைத்துவிடாதீர்கள். 1855-இல் வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கன் கூலிப்படை சேர்த்துக்கொண்டு வந்து நிகரகுவாவைக் கைப்பற்றினான். அவனை விரட்டக் கோஸ்டா ரிகாவின் விவசாயிகள் எல்லை தாண்டிப் போனார்கள். 1856 ஏப்ரல் 11-ஆம் தேதி ரீவாஸ் ஊரில் எதிரிகள் ஒளிந்திருந்த வீட்டுக்கு ஹுவான் சாந்தாமாரியா என்ற இளைஞன் தீ வைத்துவிட்டு உயிர் விட்டான். சேனையில் தமுக்கடித்தவன். ராணுவம் இல்லாத அந்தத் தேசத்தின் பெரிய வீரன் இன்றும் அந்தச் சிப்பாய்தான். தலைநகரின் விமான நிலையத்துக்கு அவன் பெயர்தான். இந்த வெற்றிக்குப் பின்னால் இன்னொரு விஷயமும் உண்டு. வீடு திரும்பிய சேனையோடு காலராவும் வந்தது. ஜனங்களில் பத்தில் ஒரு பங்கை அது வாரிக்கொண்டு போயிற்று என்று சொல்லுகிறார்கள். வாக்கரின் தோட்டாக்கள் கொன்றதைவிட அதிகம் பேரை, ஜயித்து வந்த சேனை தன்னை அறியாமலே கொன்றுவிட்டது.

இனி 1948-க்கு வருகிறேன். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஜனாதிபதித் தேர்தல். ஒட்டிலியோ உலாத்தே என்பவர் ஜயித்தார். முன்பு ஜனாதிபதியாக இருந்த கால்டெரோன் தோற்றார். தோற்ற கட்சியின் ஆட்கள் காங்கிரஸில் பெரும்பான்மையாக இருந்தார்கள். மார்ச் முதல் தேதி தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள். இதற்காகவே காத்திருந்தவர்போல் ஒரு குடியானவர் மலையிலிருந்து ஆயுதத்தோடு கிளம்பினார். அவர்தான் ஹோசே ஃபிகேரஸ். ஸ்பெயினிலிருந்து குடியேறிய டாக்டரின் மகன். மலைச் சரிவில் நார்ச் செடி பயிரிட்டுக் கயிறு திரித்தவர். தம் பண்ணைக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'முடிவில்லாப் போராட்டம்.' 1942-இல் சர்க்காரைக் கண்டித்து வானொலியில் பேசினார். பேச்சு முடிவதற்குள் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய் நாடு கடத்திற்று. ஆறு வருஷத்துக் கோபத்தை நெஞ்சில் வைத்திருந்தவர் அவர்.

யுத்தம் 44 நாள் நடந்தது. சுமார் 2,000 பேர் மாண்டார்கள். அவ்வளவு சின்ன தேசத்தில் இரண்டாயிரம் பேர் என்றால், அழாத தெருவே இருந்திருக்காது. ஃபிகேரஸ் ஜயித்தார். ஓர் ஆட்சிக் குழுவை அமைத்துத் தாமே அதன் தலைவரானார்.

இப்படி ஜயித்தவர்களின் கதை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சரித்திரத்தில் அதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அநியாயத்தை ஒழிக்கத் துப்பாக்கி எடுத்தவன், அநியாயம் ஒழிந்த பிறகும் அதைக் கீழே வைப்பதில்லை. 'இன்னும் எதிரிகள் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள்' என்பான். கொஞ்ச நாள் முப்பது வருஷமாகும். பக்கத்து நிகரகுவாவில் சமோசா குடும்பம் தகப்பன், பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாக ஆண்டது அப்படித்தான்.

ஃபிகேரஸ் என்ன செய்தார்? 1948 டிசம்பர் முதல் தேதி சான் ஹோசேயில் பெல்லாவிஸ்டா என்ற ராணுவக் கோட்டைக்குப் போனார். கையில் ஒரு சம்மட்டியை எடுத்துக் கோட்டை மதிலில் ஓங்கி அடித்தார். இனி இந்தத் தேசத்துக்கு நிரந்தரச் சேனை கிடையாது என்று அறிவித்தார். அந்தக் கோட்டை இன்று தேசியப் பொருட்காட்சிசாலை. யுத்தத்தில் பாய்ந்த தோட்டாக்களின் வடு அதன் சுவரில் இன்னும் இருக்கிறது. 1949 நவம்பரில் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 12-ஆவது ஷரத்து, நிரந்தர ஸ்தாபனமாக ராணுவம் இருக்கலாகாது என்று எழுதி வைத்தது. அதே மாதம் 8-ஆம் தேதி, பதினெட்டு மாதம் ஆண்ட ஃபிகேரஸ், முன்பு தேர்தலில் ஜயித்த உலாத்தேயிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுத் தம் பண்ணைக்குப் போய்விட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனேயே, கதை எழுதுகிறவனுக்கே உரிய சந்தேகமும் வந்தது. இவ்வளவு நல்லவனை என் நாவலில் நான் அனுமதிக்கமாட்டேனே! கொஞ்சம் தோண்டினேன். தோண்டத் தோண்ட மண்ணும் சேறும் வரத்தான் செய்தன.

அவர் கலைத்த பழைய ராணுவம் யாருடையது? அவர் தோற்கடித்த எதிராளிகளுடையது. அவர்கள் கையில் ஆயுதம் மறுபடி போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது அவருக்கு லாபம். அந்த ராணுவமும் ஏற்கெனவே சிறுத்துப்போன ஒன்றுதான். அடுத்தது, அவர் எதை நம்பிக் கலைத்தார்? அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1947-இல் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. ஒருவர்மேல் விழுகிற அடி எல்லார்மேலும் விழுகிற அடி என்பது அதன் சாரம். 1948 டிசம்பர் 3-ஆம் தேதி, சம்மட்டி விழுந்த இரண்டாவது நாள், அது அமலுக்கு வந்தது. பெரியண்ணன் குடை விரித்த பிறகுதான் தம்பி குடையை மடக்கினான் என்று சொல்லுகிறவர்கள் சொல்லலாம். இன்னும் கறுப்பான ஒன்றும் உண்டு. டிசம்பர் 19-ஆம் தேதி இரவு, கரிபியன் கரையோர ரயில் பாதையில், காவலில் கொண்டுபோகப்பட்ட அரசியல் கைதிகள் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சம்மட்டி ஓசை அடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆட்சி ஃபிகேரஸின் ஆட்சி. கம்யூனிஸ்டுக் கட்சியையும் அவர் ஆட்சி தடை செய்திருந்தது.

ஆக, அந்த மனிதர் மகாத்மா அல்ல. கோபமும் கணக்கும் உள்ள சாதாரண அரசியல்வாதி. இங்கேதான் என் கேள்வி பிறந்தது. ஒரு நல்ல காரியத்தைப் பாதி சுயநலத்தோடு செய்தால் அது நல்ல காரியம் ஆகாதா?

சின்ன வயசில் கேட்டிருந்தால் 'ஆகாது' என்று மேஜையைத் தட்டியிருப்பேன். என் முதல் கதைகளில் வருகிறவர்களெல்லாம் ஒன்று தெய்வம், இல்லாவிட்டால் ராக்ஷசன். இருபது வருஷமாக மனிதர்களைப் பார்த்து எழுதிய பிறகு இப்போது அப்படிச் சொல்லத் துணிவு இல்லை. முழுக்கச் சுத்தமான மனசோடுதான் நல்லது செய்ய வேண்டும் என்று விதித்துவிட்டால், உலகத்தில் நல்லது நடக்கவே நடக்காது. ஒருவன் மனசுக்குள் என்ன இருந்தது என்பது அவனோடு போய்விடுகிறது. அவன் செய்துவைத்த காரியம் இருக்கிறது. அந்தக் காரியத்தைப் பின்னால் வருகிறவர்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதில்தான் அதன் சுத்தம் இருக்கிறது. அந்தச் சம்மட்டி அடி ஒரு நாள் காரியம். வைத்த ஆயுதத்தைத் திரும்ப எடுக்காமலிருப்பது தினசரிக் காரியம். முதலாவதற்கு ஒரு ஃபிகேரஸ் போதும். இரண்டாவதற்கு ஒரு தேசமே வேண்டும்.

அந்தத் தேசத்துக்குச் சோதனை வரவும் அதிக நாள் ஆகவில்லை. ராணுவத்தை ஒழித்த பத்தே நாளில் கால்டெரோனின் ஆட்கள் நிகரகுவாவிலிருந்து எல்லை தாண்டி வந்தார்கள். சர்க்கார் அமெரிக்க நாடுகளின் சங்கத்தில் முறையிட்டது. வந்தவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. 1949 ஏப்ரலில் ஃபிகேரஸின் பாதுகாப்பு அமைச்சரே தலைநகரில் கலகம் செய்தார், அதுவும் அடங்கிற்று. 1955 ஜனவரியில் மறுபடி படையெடுப்பு. இப்போது ஃபிகேரஸ் தேர்தலில் ஜயித்து வந்த ஜனாதிபதி. குடிமக்கள் தொண்டர்களாகத் துப்பாக்கி எடுத்தார்கள். அமெரிக்கா நாலு போர் விமானங்களை, ஒன்று ஒரு டாலர் என்று, விற்றது! சண்டை ஓய்ந்தது. 'பார்த்தாயா, அவசரத்துக்கு ஆயுதம் வேண்டியிருந்ததே' என்று நீங்கள் மடக்கலாம். நியாயம்தான். 12-ஆவது ஷரத்தே அதற்கு இடம் வைத்திருக்கிறது. தேசத்தைக் காக்கத் தேவை வந்தால் சேனை திரட்டலாம் என்கிறது அது. என் ஆச்சரியம் அவர்கள் துப்பாக்கியை எடுத்ததில் இல்லை. அபாயம் போனதும் அதை மறுபடி கீழே வைத்தார்களே, அதில் இருக்கிறது. 'பயம் வந்துவிட்டது, இனிமேல் ராணுவம் வேண்டும்' என்று சொல்ல அதைவிட நல்ல சாக்கு யாருக்கு அகப்படும்?

அதன் பிறகு வந்த வருஷங்களில் சுற்றிலும் தீப்பிடித்தது. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரைக்கும் உள்நாட்டு யுத்தம். இரண்டு லட்சம் பேர் மாண்டும் மறைந்தும் போனார்கள். எல் சால்வடாரில் 1980 முதல் 1992 வரைக்கும் சுமார் 75,000 பேர். இந்தத் தேசங்களுக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் பாஷை ஒன்று, மதம் ஒன்று, மலையும் காப்பியும் ஒன்று. ராணுவம் இருந்ததனால் அவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள் என்று யார் சொல்ல முடியும்? செத்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது அந்நிய சேனை அல்ல. அவர்களுடைய வரிப் பணத்தில் சாப்பிட்ட சொந்த சேனைதான். நிகரகுவாவின் யுத்தம் எல்லையில் வந்து இடித்தபோது, 1983 நவம்பரில் கோஸ்டா ரிகா தான் எந்தப் பக்கமும் சேராத நாடு என்று பிரகடனம் செய்தது. 1987 ஆகஸ்டில் ஜனாதிபதி ஆஸ்கார் அரியாஸ் வகுத்த சமாதானத் திட்டத்தில் மத்திய அமெரிக்காவின் ஐந்து ஜனாதிபதிகள் கையெழுத்திட்டார்கள். அந்த வருஷத்து நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. கையில் கத்தி இல்லாதவன் பேசியதால்தானோ என்னவோ, கத்தி வைத்திருந்தவர்கள் காது கொடுத்தார்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தவை இரண்டு சின்னச் சம்பவங்கள்.

2003-இல் ஈராக்கின்மேல் அமெரிக்கா படையெடுத்தபோது, அதை ஆதரிக்கிற நாடுகளின் பட்டியலில் கோஸ்டா ரிகாவின் பெயரும் இருந்தது. குடை பிடிக்கிற பெரியண்ணனை மறுக்க முடியுமா? ஆனால் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் தன் சர்க்காரின்மேலேயே வழக்குப் போட்டான். 'நம் அரசியல் சட்டத்துக்கு இது விரோதம்' என்றான். 2004 செப்டம்பரில் கோர்ட்டு அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. பட்டியலிலிருந்து தன் தேசத்தின் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று சர்க்காருக்கு.

இரண்டாவது, 2010 அக்டோபரில் நடந்தது. சான் ஹுவான் நதி கடலில் கலக்கிற இடத்தில், மூன்றே சதுர கிலோமீட்டர்ச் சதுப்பு நிலத்தில் நிகரகுவாவின் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். கோஸ்டா ரிகா என்ன செய்தது? கோர்ட்டுக்குப் போயிற்று. ஐந்து வருஷம் வழக்காடிற்று. 2015 டிசம்பரில், அந்த நிலம் கோஸ்டா ரிகாவுக்கே சொந்தம் என்று சர்வதேச நீதிமன்றம் சொல்லிற்று. வெட்டின மரங்களுக்கும் கெடுத்த சதுப்புக்கும் 2018-இல் கணக்குப் போட்டு, வட்டியோடு சுமார் 3,79,000 டாலர் நஷ்ட ஈடு என்று தீர்த்தது. நிகரகுவா கொடுத்தும்விட்டது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஒரு தாய் அழவில்லை.

என் பெண்ணின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. யாராவது சண்டைக்கு வந்தால் அவர்கள் கூச்சல் போடுகிறார்கள், நாலு பேரைக் கூட்டுகிறார்கள், கோர்ட்டுக்குப் போகிறார்கள். இது எல்லாச் சமயத்திலும் பலிக்குமா? பலிக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பெரிய எதிரியும் நீண்ட எல்லையும் உள்ள தேசத்துக்கு இதை அப்படியே சிபாரிசு செய்கிற அளவுக்கு நான் அசடனும் அல்ல. அங்கேயும் இன்று எல்லாம் சுகம் என்று இல்லை. போதைப் பொருள் கடத்துகிறவர்களால் கொலை பெருகி, 2023-இல் ஒரே வருஷத்தில் 900 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்தத் தேசத்தின் சரித்திரத்திலேயே அதுவரை இல்லாத தொகை. படிப்புக்குத் தேசிய வருமானத்தில் 8 சதவீதம் செலவிட வேண்டும் என்று 2011-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அண்மை வருஷங்களில் அந்த அளவை எட்டவில்லை. 1869-லேயே ஆரம்பப் படிப்பை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கிய தேசம் அது. சேனையை ஒழித்தால் மட்டும் போதாது. மிஞ்சின பணம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தினசரிக் காரியம் என்று நான் சொன்னது இதைத்தான்.

தேசங்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நாணயம் ஆகாது.

எனக்கு ஒரு தமையனார் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாகப் பிரிவினையில் எங்களுக்குள் மனஸ்தாபம் வந்தது. வழக்கு வரைக்கும் போயிற்று. நான் ஜயித்தேன். வழக்கு நடந்தபோது அண்ணா கோபத்தில் எனக்கு எழுதிய ஏழு கடிதங்கள் என் பீரோவில் இருக்கின்றன. எந்த அண்ணனும் தம்பிக்கு எழுதக்கூடாதவை. "பத்திரமா வச்சுக்குங்க ஸார், நாளைக்கு மறுபடி ஏதாவது கிளப்பினார்னா உதவும்" என்றார் வக்கீல். வைத்துக்கொண்டேன். தற்காப்புக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஒன்பது வருஷத்தில் அண்ணா ஒன்றும் கிளப்பவில்லை. ஆனால் நான் எத்தனை முறை அந்தக் கட்டைப் பிரித்துப் படித்திருக்கிறேன் தெரியுமா? பண்டிகை நாளில் மனசு இளகும்போதெல்லாம் பீரோவைத் திறப்பேன். ஒரு கடிதம் படித்தால் போதும், மனசு மறுபடி இறுகிவிடும். காவலுக்கு என்று வைத்த சேனை வேறு வேலை இல்லாமல் என்னையே ஆண்டுகொண்டிருந்தது.

தோற்றவன் கத்தியைக் கீழே போடுவதில் பெருமை இல்லை. அவனுக்கு வேறு வழி இல்லை. எங்கள் வீட்டு யுத்தத்தில் ஜயித்தவன் நான். கத்தியைக் கீழே வைக்கிற பாக்கியம் எனக்குத்தான் இருந்தது. அதை ஒன்பது வருஷம் எடுக்காமல் விட்டிருந்தேன்.

அந்த ஏழு கடிதங்களையும் போன வாரம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். இதில் சுயநலமும் இருக்கிறது; மறைக்கவில்லை. வயசாகிறது, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, ராத்திரி தூக்கம் வேண்டும். அண்ணாவுக்கு ஒரு கார்டும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம். நானும் நாளைக்கே ஒரு கோபத்தில், அவசரப்பட்டுக் கொளுத்திவிட்டோமே என்று வருத்தப்படலாம். மதிலில் ஓர் அடி அடித்தாயிற்று, அவ்வளவுதான். திரும்பக் கட்டாமலிருக்க வேண்டும். அதுதான் இனி தினம் தினம் செய்ய வேண்டிய வேலை.

அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் பெண், "என்னப்பா எரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"பழைய காகிதம், அம்மா" என்றேன்.